துணி சுத்தின கல்லு

இன்னும் ஏழு குதிரை. ஏழும் முடிஞ்சா நானும் என் குதிரை மைனரும். நிக்காதடா, நட, இந்த வட்டத்துக்குள்ளயே நட, நின்னா முட்டி இறுகிப்போகும், இறுகினா அந்த டாக்டரம்மா கண்ணு முன்னாடியே நொண்டுவ, நொண்டினா போச்சு. எட்டு மணிக்கு வர்றோம்னு சொல்லி ஏரிக்கரை மைதானத்துல எல்லாரையும் நிறுத்தி வச்சிட்டு, மலைப்பாதையில ஒரே மேகமூட்டம், வண்டி நகரலன்னு பத்து மணிக்கு வந்து இறங்குறாங்க. ரெண்டு மணி நேரமா இவனை நான் நிக்க விடல. கால் கடுக்குது எனக்கு. கடுக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. ஏரியைச் சுத்திச் சவாரி ஏத்துற குதிரை எல்லாத்தையும் டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் நெத்திப்பட்டையில நம்பர் தகடு, தகடு இருந்தாத்தான் கரையில நிக்கலாம். மைனரோட நம்பர் பதினேழு. பன்னெண்டு வருஷமா பதினேழு. போன வருஷம் வரைக்கும் வந்த டாக்டர் தங்கமான மனுஷன், ஜீப்பை விட்டே இறங்க மாட்டாரு, கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை, ‘ம், போ’ம்பாரு, அவ்வளவுதான். அவரு ரிட்டயர் ஆகிட்டாரு, வந்து சேர்ந்துச்சு இந்தப் பொண்ணு. என்ன வயசிருக்கும், இருபத்தெட்டு இருக்குமா, காலுல ரப்பர் பூட்ஸு, தலையில குல்லா, ஒவ்வொரு குதிரையையும் தார் ரோட்டுல அந்தக் கம்பம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி ஓட்டிட்டு வரச் சொல்லுது. நடை இல்ல, ஓட்டம். நடையில எதையும் மறைச்சிரலாம், ஓட்டத்துல என்னத்தை மறைக்க. கேட்டுக்கு வெளிய நீலத் தார்ப்பாய் போட்ட லாரி நிக்குது. கீழ இருந்து வர்ற லாரி. பரிசோதனைன்னா எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ, அன்னிக்கின்னு கரெக்டா வந்துரும், தகடு போன குதிரையை அங்கனயே ஏத்திக்கிட்டுப் போயிரும். செங்கல் சூளைக்குன்னு சொல்லுவாங்க. சூளைக்குத்தானான்னு யாரும் திருப்பிக் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.

இடது முன்னங்கால் முட்டி. மனசுக்குள்ள சொல்றதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல்ல ஆணி சரியில்லன்னேன், லாடம் அடிக்கிற ஆளைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினேன், பாவம் அந்த மனுஷன். அப்புறம் குளிருன்னேன். அப்புறம் மழைன்னேன். மழை விட்டுச்சு, வெயில் வந்துச்சு, திரும்ப மழையும் வந்துச்சு, முட்டி மட்டும் அப்படியே உருண்டு தெரண்டு நின்னுச்சு, கையை வச்சு மடக்கினா உள்ள பொரி பொரியுற மாதிரி சத்தம். ஏரி எப்பவும் இடது கைப் பக்கந்தான், எல்லாக் குதிரையும் அப்படித்தான் சுத்தும், எதிரும் புதிருமா வந்தா மிரளும்னு எப்பவோ எவனோ சொல்லி வச்சது, அதைக் கேட்டு நாங்களும் பன்னெண்டு வருஷம் இடது பக்கமாவே திரும்பித் திரும்பி, தார் ரோட்டுல, முதுகுல ஆளோட. உள்பக்கக் கால் அதுதானே, எல்லாப் பாரமும் அதுமேலதானே விழுகும். என் முட்டியும் இடதுதான். நானும் அதே ஏரியைத்தான சுத்தினேன். ஆனா எனக்கு வலிச்சா ‘ஐயோ மாதாவே’ன்னு கத்துறேன், எதிர்ல வந்தவனைத் திட்டுறேன், இவன் என்ன செய்வான். நொச்சித்தழையை வேகவச்சு ஒத்தடம் குடுத்தேன். விளக்கெண்ணெயைச் சுட வச்சுத் தேய்ச்சேன். பழைய கம்பளியைக் கிழிச்சுச் சுத்தினேன். ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்த வலி மாத்திரையை வெல்லத்துக்குள்ள பொதிஞ்சு குடுத்தேன், நாலு நாள் தின்னான், அஞ்சாம் நாள் தீனியைத் திரும்பிப் பார்க்கல, வயித்தை இழுத்துக்கிட்டு நின்னான், பயந்துபோய் நிறுத்திட்டேன். குண்டா யாராச்சும் வந்தா ‘இன்னிக்குக் குதிரைக்கு மூடு சரியில்லைங்க’ன்னு சொல்லிருவேன், எல்லாரும் சிரிப்பாங்க, குதிரைக்கு மூடா, குதிரைக்காரி ஜெபமாலைக்குத்தான் மூடு சரியில்லன்னு. சிரிச்சுட்டுப் போங்கடா. சவாரிக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா நடத்துவேன், நடந்தா இளகிரும். அதுதான் இந்த நோவோட சூது. காலையில கட்டை, மத்தியானம் குதிரை. மத்தியானத்துல பார்க்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. காலையில பார்க்க யாரு இருக்கா. நான் இருக்கேன். நான் மட்டும்தான் இருக்கேன். கொட்டகைக்கும் என் தலைமாட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான். சரி, அதை இப்ப நினைக்காத. நட.

அஞ்சு குதிரை. அந்தக் கறுப்புக் குட்டை ஓடிருச்சு, தகடு கிடைச்சிருச்சு, அதுக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். எனக்குப் பின்னாடி சிக்கந்தர் பாய், அவரோட வெள்ளைக் குதிரையோட. ரொம்ப நேரமா மைனரோட காலையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. பார்க்காதீங்க பாய். ஏரியைப் பாருங்க, ஆகாசத்தைப் பாருங்க. ‘தங்கச்சி, மைனர் என்ன வலது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான்?’ ‘ஈ கடிக்குது பாய்.’ இந்தக் குளிருல ஏது ஈ, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவரு குளம்பைப் பார்த்தாரு, என் மூஞ்சியைப் பார்த்தாரு, அப்புறம் தன் குதிரை முதுகைத் தடவ ஆரம்பிச்சிட்டாரு. தெரிஞ்சிருச்சு. இந்த மலையில வேற எவனுக்குத் தெரியாட்டியும் அவருக்குத் தெரியும், ஏன்னா அவருக்கு இதைக் காட்டினது என் வீட்டுக்காரன். சந்தியாகு. குதிரைத் தரகு. நொண்டிக் குதிரையை நல்ல குதிரைன்னு தலையில கட்டுறதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. குதிரைக்கு ஒரு முன்னங்கால்ல வலின்னா அந்தக் கால் தரையில படும்போதெல்லாம் தலையை மேல தூக்கும், நல்ல கால் படும்போது கீழ போடும், தலை ஆடுறதை வச்சுத்தான் எல்லாரும் கண்டுபிடிப்பாங்க. அதுக்கு அந்தக் கட்டையில போறவன் என்ன பண்ணுவான், நல்ல காலை எடுத்து லாடத்துக்கும் அடிக்குளம்புக்கும் நடுவுல ஒரு சின்னக் கல்லைச் சொருகிருவான். ரெண்டு கால்லயும் வலி. ரெண்டும் சமம். தலை ஆடாது. எடுத்து வைக்கிற எட்டு கொஞ்சம் குட்டையா இருக்கும், அமைதியான குதிரைன்னு வாங்குறவன் நினைச்சுக்குவான். அப்படித்தான் பாய்க்கு ஒரு பெட்டைக் குதிரையை வித்தான். ஒரு வாரம் கழிச்சு பாய் என் வாசல்ல வந்து நின்னாரு. சத்தம் போடல. உள்ளங்கையை விரிச்சுக் காட்டினாரு. ‘இது உங்க வீட்டுக் கல்லா தங்கச்சி?’ன்னாரு. செத்தே போனேன். அன்னிக்கு என் வீட்டுக்காரனை நான் கேட்ட கேள்வி தெருவே கேட்டுச்சு, பாவி, வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற ஒரு நல்ல காலையும் கெடுத்தியேடா, நீயெல்லாம் மனுஷனா, உனக்குச் சோறு போடுற கை விளங்குமான்னு. அதுக்கப்புறம் அவன் செத்த வரைக்கும் அஞ்சு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம், ஒரு நாளும் நான் பரிமாறினதில்ல, அவனே போட்டுத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவான். சாவுலயும் எனக்குக் கண்ணுல தண்ணி வரல. அப்படிப்பட்டவ நானு. அவ்வளவு பெரிய யோக்கியக்காரி. இன்னிக்கு விடியக்காலம் கொட்டகையில அவன் எந்திரிச்சு நின்ன சத்தம் கேட்டப்புறம், முகம்கூடக் கழுவாமப் போயி, வலது காலைத் தூக்குடான்னு சொல்லி, என்ன ஏதுன்னு தெரியாம அவன் தூக்கிக் குடுக்க, அந்த ஒரு நிமிஷம் பாரம் பூரா அந்த நொந்த காலுல நின்னு உடம்பே வெடவெடன்னு நடுங்க, என் தோள்ல சாஞ்சுக்கிட்டான், சாஞ்சவனை நெட்டித் தள்ளிட்டு நான் புளியங்கொட்டை அளவு கல்லை எடுத்துச் சொருகினேன். யாரும் சொல்லிக் குடுக்கல. பார்த்ததுதான். கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.

வெறும் கல்லா வைக்க மனசு வரல. பழைய நைட்டியில ஒரு துண்டு கிழிச்சுச் சுத்தி வச்சேன், குத்தக் கூடாது, அமுக்கினா போதும்னு. அடிப்பாவி, கல்லுக்கு மெத்தை போட்டியா, அதுல உனக்கு ஒரு திருப்தி வேறயா. சந்தியாகு துணி சுத்தினதில்ல. அவன் சுத்தியிருக்க மாட்டான். அதனால நான் அவன் இல்லன்னு ஆயிருமா? விடிஞ்சதுல இருந்து இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டிருக்கேன். ‘எடுத்துரு தங்கச்சி.’ பாய் பக்கத்துல வந்துட்டாரு, வாயை அசைக்காமச் சொல்றாரு. ‘நாலு குதிரை இருக்கு. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால கொண்டுபோயி எடுத்துரு, நான் இங்கன மறைச்சு நின்னுக்கிறேன்.’ ‘என்னத்தை எடுக்கச் சொல்றீங்க?’ இது என்ன வாய், யாருக்கிட்ட காட்டுற இந்த வாயை. அவரு முகம் சுருங்கிப் போச்சு. ‘ஒண்ணுமில்ல, விடு’ன்னுட்டு நகர்ந்துட்டாரு. சரின்னு சொல்லியிருக்கலாம். எடுத்துத் தாங்க பாய்னு சொல்லியிருந்தா முட்டி போட்டு உக்காந்து எடுத்துக் குடுத்திருப்பாரு அந்த மனுஷன். ஆனா எடுத்தா? எடுத்தா இடது கால் மட்டும் தனியா மாட்டிக்கும், தலை ஆடும், அந்தப் பொண்ணு பார்த்துரும், தகடு போயிரும். தகடு போனா நாளைக்கு நான் கரைக்குப் போக முடியாது, கரைக்குப் போகலன்னா கொள்ளுக்கும் தவிட்டுக்கும் எங்க போவேன், ஒரு குதிரை ஒரு நாளைக்கு என்ன திங்கும்னு தெரியுமா இவங்களுக்கெல்லாம், பசி பொறுக்காம சுவரை முட்டுவான், நான் காதைப் பொத்திக்குவேன், ஒரு வாரம் பொத்துவேன், ரெண்டு வாரம் பொத்துவேன், அப்புறம் நானே கூட்டிட்டு வந்து அந்த நீலத் தார்ப்பாய்க்குள்ள ஏத்திருவேன். அதுதான் பயம். லாரிக்காரன் மேல இல்ல, என் மேலதான் பயம். இன்னிக்குக் காலையில இந்தக் கை செஞ்சதைப் பார்த்தப்புறம் இது எதைத்தான் செய்யாதுன்னு நான் எப்படிச் சொல்றது. பலகையில ஏறும்போதும் என்னைத்தான் பார்ப்பான். நான் தூக்குடான்னா தூக்குறவன், ஏறுடான்னா ஏறுவான்.

மூணு. வெயில் வந்துருச்சு. மேகம் கலைஞ்சு ஏரித் தண்ணி பளபளங்குது, முதுகுல சுள்ளுனு படுது, என்ன சுகம்டா சாமி. மைனர் காதை முன்னால வச்சுக்கிட்டான். வட்டமா நடக்கையில நான் குனிஞ்சு அவன் காலைப் பார்க்குறேன், இடது, வலது, இடது, வலது. இடது நல்லா எட்டு வைக்குது. இரு. திரும்பப் பார்ப்போம். இடது நல்லாத்தான் வைக்குது. ரெண்டு மணி நேரம் நான் நடத்தின நடையும் இந்த வெயிலும் சேர்ந்து முட்டி இளகிருச்சு, எப்பவும் மத்தியானம் இளகுற மாதிரி இளகிருச்சு. தலை ஆடுது. எந்தக் காலுக்குத் தூக்குது? வலதுக்கு. மாதாவே. வலது கால் படும்போது தூக்குது. இப்ப இவன்கிட்ட இருக்கிற ஒரே நோவு நான் வச்ச நோவுதான். கல்லு மட்டும் இல்லன்னா இந்தச் சமயத்துக்கு, இந்த ஒரு மணி நேரத்துக்கு, இவன் குட்டி மாதிரி ஓடுவான். நடந்தா இளகும்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா தினமும் செய்றவளுக்குத் தெரியாதா? எட்டு மணிக்கு ஜீப் வந்திருந்தா குளிருல கட்டையா நின்னுருப்பான், அதை நினைச்சுத்தான வச்சேன், அது லேட்டாகும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும். எடு, இப்பவே எடு, எங்க வச்சு எடுப்ப, தொட்டிப் பக்கம் பேப்பரும் கையுமா ஆபீஸ்காரங்க வந்து உக்காந்துட்டாங்க, இங்கன குனிஞ்சு காலைத் தூக்கினா எல்லாரும் பார்ப்பாங்க. நாலு இருந்தப்ப பாய் சொன்னாரு. உன் திமிரு, உன் வாய்க்கொழுப்பு. ரெண்டு. பாய்ப் பக்கம் திரும்பிப் பார்க்குறேன், அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒண்ணு. ‘பதினேழாம் நம்பர், வாங்கம்மா.’

வாடா மைனர். ஓடு. நானும் ஓடுறேன், ஐம்பத்தோரு வயசுல சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, என் முட்டி ஒரு பக்கம் இழுக்க, கம்பம் வரைக்கும் போயித் திரும்பி. கயித்தை இறுக்கிப் பிடிச்சுத் தலையை அமுக்குறேன், ஆடாதே, ஆடாதடா ராசா, அவன் தலை என் கையைப் பிடுங்கிக்கிட்டு மேல போகுது, ஒவ்வொரு எட்டுக்கும் போகுது. ‘கயித்தைத் தளர்த்துங்கம்மா. நில்லுங்க. வலது கால்ல என்ன?’ ‘ஒண்ணுமில்லையே டாக்டரம்மா.’ ‘தூக்கச் சொல்லுங்க.’ தூக்குடா. தூக்கிட்டான். காலையில தூக்கின மாதிரியே, ஏன் எதுக்குன்னு கேட்காம. அந்தப் பொண்ணு குளம்பைத் தொடையில வாங்கிக்கிட்டு ஒரு கொக்கியை வச்சு நெம்புது, எனக்கு ஏரி, ஜனம், ஜீப்பு எல்லாம் எங்கயோ தூரத்துல போயிருச்சு, அந்தக் கொக்கி உரசுற சத்தம் மட்டும் கேட்குது. வந்துருச்சு. உள்ளங்கையில வச்சுப் பார்க்குது. பூப்போட்ட துணி, அழுக்கேறி நசுங்கிப் போச்சு, ஆனாலும் பூ தெரியுது. விரல்ல பிரிச்சு உள்ள இருக்கிறதைப் பார்க்குது. ‘கல்லு தானா மாட்டும்மா. துணி சுத்திக்கிட்டு மாட்டாது.’ மெதுவாத்தான் சொல்லுச்சு. அதுக்குள்ள பின்னாடி இருந்து சிக்கந்தர் பாய் ஓடி வர்றாரு, ‘அது வழியில மாட்டியிருக்கும் டாக்டரம்மா, அங்கன குப்பைமேட்டுப் பக்கம் ஒரே கந்தலும் ஜல்லியுமாத்தான் கிடக்குது, என் குதிரைக்கே போன வாரம் மாட்டுச்சு, அந்தம்மா குதிரையைக் கண்ணா வச்சுப் பார்க்குற அம்மா.’ பொய் சொல்றாரு. என் வீட்டுக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு என் வாசல்ல நின்ன மனுஷன், எனக்காகக் கூசாமப் பொய் சொல்றாரு. அந்தப் பொண்ணு அவரைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, வரிசையில மிச்சம் நிக்கிற குதிரைகளைப் பார்த்துச்சு. நம்பிருச்சா, அலுத்துப்போச்சா, தெரியல. ‘சரி. கல்லைத்தான் எடுத்தாச்சே. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க.’

அவ்வளவுதான். ஓட்டினா முடிஞ்சது. கல்லு போன நிம்மதியில மைனர் வலது காலை ஊன்றி நிக்கிறான், மூக்கை உறிஞ்சுறான், வெயில் முதுகுல இருக்கு, முட்டி இளகியிருக்கு, இப்ப ஓடுவான், தலை ஒரு நூல் ஆடாது. கம்பம் வரைக்கும் போயிட்டு வந்தா பதினேழு நம்பர் இன்னும் ஒரு வருஷத்துக்கு எங்களுக்கு. ஒரு வருஷம் கரை, ஒரு வருஷம் இடது பக்கமாத் திரும்பல், ஒரு வருஷம் காலையில அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். கயித்தைப் பிடிச்சிட்டேன். வாடான்னு சொல்லணும். நாக்கு நுனியில நிக்குது, அவன் காதைத் திருப்பிக் காத்துக்கிட்டு நிக்கிறான், நான் வாடான்னா வருவான், வர்றதுக்குத்தான் நிக்கிறான். வாய் வேற எதையோ சொல்லுது. ‘இப்ப ஓடுவான் டாக்டரம்மா. இப்ப நல்லாவே ஓடுவான். நாளைக்குக் காலையில வந்து பாருங்க, எந்திரிக்கும்போது.’ பாய் ‘தங்கச்சி’ங்கிறாரு, வலிக்கிற மாதிரி. நான் நிறுத்தல. இடது முன்னங்கால்ம்மா, முட்டி, ரெண்டு வருஷமா, கல்லு நான்தான் வச்சேன், குப்பைமேடு இல்ல, பாய் நல்லவரு, எனக்காகச் சொல்றாரு. சொல்லிக்கிட்டே என் கை நெத்திப்பட்டையில இருந்த போன வருஷத் தகட்டைக் கழட்டுது, அந்தப் பொண்ணு கேட்கவே இல்ல, நானே கழட்டி அது கையில இருந்த பேப்பர் மேல வச்சேன். கேட்டுல இருந்து லாரிக்காரன் குரல் குடுக்குறான், ‘என்னக்கா, ஏத்திரலாமா?’ ‘உன் லாரியில கொள்ளியை வைக்க! கிட்ட வந்தின்னா பாரு!’ கத்திட்டேன். கத்தியாச்சு, நாளைக்கு என்னத்தைக் கொண்டாந்து போடப் போற? அந்தப் பொண்ணு கீழ உக்காந்து ரெண்டு கையாலயும் முட்டியைப் பிடிச்சு மடக்கிப் பார்க்குது. இனிமே ஆள் ஏத்தக் கூடாதாம், புல்லு மண்ணு இருக்கிற எடத்துல தினமும் மெதுவா நடத்தணுமாம், மருந்து எழுதித் தருதாம், அப்படி இருந்தா இன்னும் சில வருஷம் நடந்துக்கிட்டே இருப்பானாம். இருப்பான். தின்னாத்தானே நடப்பான். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன செய்யும், அது படிச்ச படிப்புல அதுக்குப் பதில் இல்ல. ‘காலையில எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?’ ‘பால்காரன் மணி கேட்கும்போது ஆரம்பிப்பான்மா. முட்டியை ஊன்றுவான், விழுவான், சுவருல உரசும், மூச்சு வாங்குவான். திரும்ப ஊன்றுவான். கோயில் மணி அடிச்சு முடியும்போதுதான் நாலு காலும் நிக்கும்.’ ‘நீங்க போயித் தூக்கி விடுவீங்களா?’ ‘இல்லம்மா. போனதில்ல. ஒரு நாளும் போயிப் பார்த்ததில்ல. போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, தூங்குற மாதிரி படுத்துக் கேட்டுக்கிட்டிருப்பேன்.’ அது நிமிர்ந்து பார்த்துச்சு. ‘ஏம்மா?’ மைனர் என் தோள்ல தாடையை வச்சான். ‘பார்த்துட்டா ஏரிக்குக் கூட்டிட்டுப் போக முடியாதேம்மா’ன்னு சொன்னேன்.